கோழிக்கும் வரும் கொரோனா: மூச்சுக்குழாயிலேயே தடுப்பது எப்படி?

கொரோனா என்றதும் மனிதர்களுக்கு வந்த நோய்தான் நினைவுக்கு வரும். ஆனால், கோழிகளுக்கென்றே ஒரு கொரோனா வைரஸ் இருக்கிறது. அதனால் வரும் மூச்சுக்குழாய் அழற்சி நோயைத்தான் பண்ணையாளர்கள் 'ஐ.பி.' என்கிறார்கள். 1931-ம் ஆண்டு அமெரிக்காவில் முதன்முதலில் பதிவான நோய் இது. மனிதர்களுக்குப் பரவாது.

உடல் எப்படி எதிர்க்கிறது?

காற்றில் வரும் வைரஸ், முதலில் மூக்கிலும் மூச்சுக்குழாயின் உட்சுவரிலும் படிகிறது. அங்கே சளிப்படலமும் நுண்ணிய மயிரிழைகளும் உள்ளன. இந்த மயிரிழைகள் ஓயாமல் அசைந்து, சளியில் ஒட்டிய தூசியையும் கிருமியையும் மேலே தள்ளிவிடும். இதுதான் முதல் வேலி.

வேலியைத் தாண்டி வைரஸ் செல்லுக்குள் புகுந்துவிட்டால், அந்தச் செல் 'இன்டர்ஃபெரான்' என்ற பொருளைச் சுரந்து பக்கத்துச் செல்களை உஷார்படுத்தும். ரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்கள் வந்து குவியும். இந்தப் போராட்டத்தில் சளி பெருகி, குழாய்ச்சுவர் வீங்கும். தும்மல், கொரகொர சத்தம், வாயைத் திறந்து மூச்சு வாங்குதல் எல்லாம் இதனால்தான். தொற்றிய ஓரிரு நாள்களில் இவை தெரியும்.

அலட்சியம் வேண்டாம்

பிறந்த 2 வாரத்துக்குள் நோய் தாக்கினால், பெட்டைக் குஞ்சுகளின் முட்டைக்குழாய் நிரந்தரமாகக் கெட்டுவிடலாம். கோழி நன்றாக வளரும். முட்டை மட்டும் இடாது. போட்ட தீவனம் வீண். முட்டையிடும் கோழிகளில் முட்டை குறையும், ஓடு சொரசொரப்பாகும், வெள்ளைக்கரு நீர்த்துப்போகும்.

செய்ய வேண்டியவை

* ஈரக் கூளத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா, மயிரிழைகளை முடக்கிவிடும். குஞ்சின் உயரத்துக்குக் குனிந்து பாருங்கள். உங்கள் கண் எரிந்தால், ஈரக் கூளத்தை அகற்றி, மீதியைக் கிளறிவிட்டு, காற்றோட்டத்தைக் கூட்டுங்கள்.
* கால்நடை மருத்துவர் சொல்லும் வயதில் கண் சொட்டு தடுப்பு மருந்து கொடுங்கள். கோழியின் கண்ணுக்குப் பின்னால் உள்ள சுரப்பி, கண்ணிலும் மூச்சுப்பாதையிலும் எதிர்ப்புப் பொருள் உருவாக உதவுகிறது. சொட்டு உள்ளே இறங்கும்வரை குஞ்சைக் கையிலேயே வைத்திருங்கள்.
* மருந்தை ஐஸ் பெட்டியில் கொண்டுவந்து, கலந்தவுடன் பயன்படுத்துங்கள். நோயுற்ற குஞ்சுகளுக்குப் போட வேண்டாம்.
* ஆன்டிபயாடிக் மருந்து வைரஸைக் கொல்லாது. பின்தொடரும் பாக்டீரியா தொற்றுக்கு மட்டுமே உதவும். நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள்.

வெள்ளைக்கழிச்சலிலும் ஆரம்பத்தில் இதே அறிகுறிகள் வரலாம். எனவே, நாலைந்து கோழிகள் தும்மத் தொடங்கியதுமே அவற்றைத் தனியே பிரித்துவிட்டு, கால்நடை மருத்துவரை அழையுங்கள்.