எம்டனின் எடை 3 கிலோ 664 கிராம்

1914 செப்டம்பர் 22, இரவு ஒன்பதரை மணி வாக்கில் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்ற ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன், பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைப் பார்த்து நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டது. விளக்குகள் தெரிய வடக்கே போவதுபோல் போக்குக் காட்டியது. பிறகு விளக்கை அணைத்துவிட்டு இலங்கைப் பக்கம் திரும்பியது. மரக்காணம் உப்பளங்களுக்குக் கிழக்கே விரிந்து கிடக்கும் கடலைத் தாண்டித்தான் அது போயாக வேண்டும்.

அந்தக் கப்பலைக் கையால் செய்து பார்ப்பது எப்படி? ரெவெல் நிறுவனத்தின் 1/350 அளவுப் பெட்டியை வாங்கி, பிளாஸ்டிக் துண்டுகளை வெட்டி ஒட்டினால் 34 சென்டிமீட்டர் நீளத்தில் ஓர் எம்டன் தயார். அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இங்கே பேசப்போவது பெட்டியே இல்லாத வழி. மரம், தகடு, கம்பி, தாள் என்று கைக்குக் கிடைப்பதைக் கொண்டு அடிப்பலகை முதல் கடைசிக் கயிறுவரை தானே செய்வது. இந்த வேலையில் இருப்பவர்கள் ‘ஸ்கிராட்ச் பில்ட்’ என்பார்கள்.

அளவை 1/100 என்று வைத்துக்கொண்டால் கணக்கு எளிது. எம்டனின் நீளம் 118.3 மீட்டர், மாதிரி 118.3 சென்டிமீட்டர். அகலம் 13.5 சென்டிமீட்டர். நீருக்குள் அமிழும் ஆழம் ஐந்தரை. மாலுமி ஒருவர் 17 மில்லிமீட்டர் உயரம் நிற்பார். கைப்பிடிக் கம்பிகளின் உயரம் ஒரு சென்டிமீட்டர்.

அளவுக்கு அடுத்தபடி தேதி வேண்டும். போர்க்கப்பல் என்றும் ஒரே மாதிரி இருப்பதில்லை. டான்சிக் கப்பல்தளத்தில் 1908 மே மாதம் நீரில் இறக்கப்பட்ட எம்டன், சீனக் கரையில் சிங்தாவ் துறைமுகத்தில் இருந்த சமாதான காலத்தில் வெள்ளை உடலும் மஞ்சள் கலந்த வெளிர்பழுப்புப் புகைபோக்கிகளுமாக இருந்தது. ‘கிழக்கின் அன்னம்’ என்று அதற்கு அப்போது செல்லப்பெயர். போர் மூண்டதும் சாம்பல் பூசிக்கொண்டது. ‘1914’ என்று மட்டும் பீடத்தில் எழுதிவிட்டு வெள்ளை அடித்தால், எந்த மாதம் என்று கேட்க ஒருவர் வந்து நிற்பார். இந்தக் கூட்டத்தில் அப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சமில்லை.

உடலைச் செய்யப் பழைய, நம்பகமான வழி, பலகை அடுக்குவது. கப்பலைப் படுக்கைவாட்டில் ஒரு சென்டிமீட்டருக்கு ஒருமுறை அரிந்தால் ஒவ்வொரு மட்டத்திலும் என்ன வடிவம் கிடைக்கும் என்பதைக் கோட்டு வரைபடம் சொல்லும். அந்த வடிவங்களை ஒரு சென்டிமீட்டர் கனப் பலகைகளில் வரைந்து அறுத்து, நடுவைக் குடைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால் படிக்கட்டுப் படிக்கட்டாக ஒரு முரட்டுக் கப்பல் நிற்கும். படிகளைச் சீவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் வளைவு வெளியே வரும். கண்ணை நம்பித் தேய்க்கக் கூடாது. குறுக்குவெட்டு வடிவங்களை அட்டையில் வெட்டி வைத்துக்கொண்டு, அவ்வப்போது உடலில் பொருத்தி, எங்கே வெளிச்சம் கசிகிறது என்று பார்க்க வேண்டும். எம்டனில் சிரமம் முன்முனையில்தான். எதிரிக் கப்பலை முட்டுவதற்கென்று அந்தக் காலத்தில் வைத்த முனை, நீர்மட்டத்துக்குக் கீழே முன்னோக்கி நீண்டிருக்கும். இடது, வலது இரண்டும் ஒத்து வராவிட்டால் எதிரே நின்று பார்க்கும்போது கப்பல் கோணிக்கொண்டு நிற்கும்.

மரம் வேண்டாம் என்றால் மரக்காணம் பக்கத்து எக்கியார்குப்பத்திலோ அனுமந்தைக்குப்பத்திலோ கரையேறி நிற்கும் ஃபைபர் படகுகளைப் பார்த்தால் போதும். மரத்தில் ஒரு மூல உருவம், அதன்மேல் மெழுகு, அதன்மேல் எடுத்த அச்சு, அச்சுக்குள் கண்ணாடியிழை மேட்டும் ரெசினும். மாதிரிக் கப்பலுக்கும் இதே முறைதான், இதே சரக்குதான். மேட்டை மட்டும் மெல்லியதாகக் கேட்டு வாங்க வேண்டும்.

உடல் முடிந்ததும் எடை. இங்கேதான் பலர் திகைத்துப்போவார்கள். எம்டன் இயல்பான சுமையோடு 3,664 டன் நீரை விலக்கியது. நீளம் நூறில் ஒன்று ஆனால் அகலமும் உயரமும் அப்படியே ஆகின்றன. பருமன் பத்து லட்சத்தில் ஒன்றாகிவிடுகிறது. எனவே மாதிரி சரியான நீர்க்கோட்டில் மிதக்க வேண்டுமானால் அதன் எடை 3 கிலோ 664 கிராம். மோட்டார், பேட்டரி, பெயின்ட், மாலுமிகள் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். நிலக்கரி முழுதும் ஏற்றிய நிலையில் 4,268 டன் என்பதால், அந்தத் தோற்றம் வேண்டுவோர் இன்னும் 600 கிராம் ஈயத்தை அடியில் வைத்துக்கொள்ளலாம்.

எந்த நீரில் மிதக்கவிடுகிறோம் என்பதும் கணக்கில் சேரும். மரக்காணத்தில் உப்பு படியும் பாத்தியின் நீர், உப்புச் செறிவை அளக்கும் போமே கணக்கில் 25 டிகிரியை ஒட்டி இருக்கும். அடர்த்தி சுமார் 1.2. கடல்நீருக்கு 1.025. அதே மாதிரியை அந்தப் பாத்தியில் விட்டால் நீர்க்கோடு ஏறக்குறைய அரை சென்டிமீட்டர் வெளியே தெரியும். உண்மைக் கப்பலின் கணக்கில் அது அரை மீட்டர். ஆனால் சாப்பாட்டு உப்பு விளையும் பாத்தியில் பெயின்ட் பூசிய பொம்மையை இறக்க எந்த உப்பளக்காரரும் விடமாட்டார், விடவும் கூடாது. உவர்நீரைத் தேக்கிவைக்கும் முதல் பாத்தியில், கேட்டுக்கொண்டு, விட்டுப் பார்க்கலாம்.

கனமும் இதேபோல் ஆட்டம் காட்டும். ஒரு சென்டிமீட்டர் கன இரும்புத் தகடு இந்த அளவில் 0.1 மில்லிமீட்டர், அதாவது நாம் எழுதும் வெள்ளைத்தாளின் கனம். மேல்தளத்து அறைகளுக்குத் தாளைவிடப் பொருத்தமான தகடு கிடையாது என்பது என் கட்சி. தாளை வெட்டி மடித்து ஃபெவிக்விக்கை ஊறவிட்டால் தகடுபோலவே விறைத்துக்கொள்ளும். பிறகு பெயின்டை நாலு கோட் அடித்துவிட்டால், உண்மைக் கப்பலில் விரற்கடைக் கனத்துக்குச் சாந்து பூசியதாக அர்த்தம். ஊசியால் பொறுமையாகக் குத்தி எழுப்பிய ஆணித்தலைகளெல்லாம் அதில் புதைந்துபோகும்.

பீரங்கிகள் பத்து. முன்தளத்தில் பக்கத்துக்குப் பக்கம் இரண்டு, பின்தளத்தில் அதேபோல் இரண்டு, நடுவே இருபுறமும் மும்மூன்று. 10.5 சென்டிமீட்டர் வாய், அதன் 40 மடங்கு நீளம். மாதிரியில் 42 மில்லிமீட்டர் பித்தளைக் குழல், அதன் முனையில் ஒரு மில்லிமீட்டர் துளை. லேத்தில் ஒன்றைக் கடைந்து, சிலிக்கோன் அச்சில் மற்ற ஒன்பதை வார்க்கலாம். வார்த்தவை வெயிலில் வளையும் என்பதால் பத்தையும் கடைந்துவிடுவதே நல்லது. பின்புறத்தில் உள்ள சக்கரங்கள், பிடிகளுக்குப் படம் தேடி அலைய வேண்டியதில்லை. கோகோஸ் தீவுகளில் 1914 நவம்பர் 9 அன்று ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி எம்டனை அடித்து நொறுக்கியபின் கழற்றி எடுத்த பீரங்கிகளில் ஒன்று சிட்னி நகரின் ஹைட் பூங்காவில் இன்றும் நிற்கிறது.

மோட்டார் வைத்து ஓட்டுபவருக்கு வில்லியம் ஃப்ரூட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1870களிலேயே விடை சொல்லிவிட்டார். இங்கிலாந்தின் டார்கீயில் நீள்தொட்டி ஒன்று கட்டி, மெழுகுக் கப்பல்களை அதில் இழுத்துப் பார்த்துக் கண்ட விதி: வேகத்தை அளவின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். நூறின் வர்க்கமூலம் பத்து. எம்டனின் 24 நாட், மாதிரிக்கு 2.4 நாட். மனிதன் நடக்கும் வேகம்தான். அதற்குமேல் ஓட்டினால் அலை கப்பலுக்குப் பொருந்தாமல் முன்னால் மலைபோல் எழும். இதே விதிப்படி உண்மைக் கப்பல் பத்து விநாடியில் ஆடும் ஆட்டத்தை மாதிரி ஒரே விநாடியில் ஆடி முடித்துவிடும். பார்க்கப் பதற்றமாக இருக்கும். செல்போனில் விநாடிக்கு 240 படம் எடுத்து 24ஆக ஓடவிட்டால் கப்பலுக்குக் கம்பீரம் திரும்பிவிடுகிறது. ஃப்ரூட் தொடங்கிய வேலையை இன்று விசாகப்பட்டினத்துக் கடற்படை ஆய்வகம் 500 மீட்டர் நீளத் தொட்டியில் செய்கிறது.

இனி புகைபோக்கி. எம்டனுக்கு இருந்தவை மூன்று. பிரிட்டனின் யார்மவுத் கப்பலுக்கு நான்கு. தூரத்திலிருந்து பார்ப்பவர் யார்மவுத் என்று நினைக்கட்டும் என்று எம்டன்காரர்கள் கடலிலேயே நான்காவதைச் செய்தார்கள். முதலில் செய்தது தட்டையான துணி. பக்கவாட்டில் பார்த்தால் மட்டுமே புகைபோக்கி. பிறகு மரச்சட்டத்தில் கித்தான் சுற்றி, உருண்டையாக ஒன்று. அக்டோபர் 28 விடியலில் அதை நிமிர்த்திக்கொண்டுதான் பினாங்கு துறைமுகத்துக்குள் நுழைந்து ரஷ்யாவின் ஜெம்சுக் கப்பலை மூழ்கடித்தது. எவ்வளவு தூரத்திலிருந்து யார் பார்ப்பார்கள் என்று கேட்டு, அதற்குப் போதுமான அளவு மட்டும் செய்வது. மாதிரி செய்பவரின் மூளையும் இப்படித்தான் வேலை செய்கிறது. மேசைமேல் ஒரு முழத் தூரத்தில் பார்க்கப்படும் கப்பலுக்குச் சன்னல் வளையங்கள் வேண்டும். பத்தடி தள்ளி நீரில் ஓடுவதற்கு அவை வீண்.

அந்த நான்காவதை மாதிரியிலும் கழற்றி மாட்டும்படி செய்வதே சரி. தாளும் பஞ்சுத் துணியும் போதும், மேலே கனம் ஏறினால் கப்பல் கவிழப் பார்க்கும். நீரில் ஓட்டி முடித்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துவிட வேண்டும். மரக்காணத்து உவர்நீர் பட்ட பித்தளைக் கம்பிகளை இரண்டு நாள் அப்படியே விட்டால் பச்சை பூத்துவிடும்.