உங்களுக்குத் தெரியுமா? வெயிலில் அச்சிடவும் பிலிம் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்

ஈச்சிலம்பற்றில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. இருட்டறையோ படத்தைப் பெரிதாக்கும் என்லாஜரோ இல்லாமல் ஒளிப்படம் அச்சிட அந்த வெயிலே போதும். 1842இல் ஜோன் ஹேர்ஷல் கண்டுபிடித்த சயனோடைப் முறை அது. இரும்பு உப்புக் கரைசல் பூசி உலர்த்திய கடதாசியில் நெகட்டிவை வைத்து, கண்ணாடியால் அழுத்தி வெயிலில் காட்டுவார்கள். மஞ்சள் கலந்த பச்சைப் பூச்சு மெல்லச் சாம்பல் நிறமாகும்; தண்ணீரில் அலசியதும் ஆழ்ந்த நீலம் துலங்கும். பார்க்கப் பார்க்கச் சலிக்காத காட்சி!

ஆனால் பிலிம் தேர்வில் கவனம் வேண்டும். நெகட்டிவ் எவ்வளவோ, படமும் அவ்வளவுதான். 35 மி.மீ. பிலிம் தபால்தலை அளவுப் படமே தரும். 4×5 அங்குலத் தாள் பிலிமாவது தேவை. இங்கே வேலை செய்வது புற ஊதாக் கதிர். கொடாக் டி-மேக்ஸ் 100 பிலிம் அந்தக் கதிரைப் பெருமளவு மறித்துவிடுவதால் அச்சிடும் நேரம் வெகுவாக நீளும். இல்ஃபோர்ட் எஃப்பி4 பிளஸ் இதற்கு நல்ல தேர்வு. அதையும் வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதல் நேரம் டெவலப் செய்தால்தான் கறுப்பு வெளுப்பு வேறுபாடு போதிய அளவு கிடைக்கும்.

பெரிய கமெரா இல்லையா? கணினிப் படத்தை ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளில் நெகட்டிவாக அச்சிட்டும் பயன்படுத்தலாம். முதல் முயற்சிக்கு அதுகூட வேண்டாம். ஒரு வேப்பங்கொத்தை வைத்துப் பாருங்கள்.