முடியாது என்று சொல்லும் இரும்பு

2023 ஜூன் 2 அன்று சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் பாலசோர் அருகே சரக்கு ரயிலில் மோதியது. அன்றிலிருந்து ‘இன்டர்லாக்கிங்’ என்ற சொல் டீக்கடை வரை வந்துவிட்டது. சிக்னல் நேர்ப்பாதைக்குப் பச்சை காட்டியது, தண்டவாளம் பிரியும் இடமான பாயிண்ட்டோ ரயிலைப் பக்கத்து லூப் லைனுக்குத் திருப்பிவிட்டது. இவை இரண்டும் இப்படி ஒன்றுக்கொன்று முரண்படாமல் பார்த்துக்கொள்வதுதான் இன்டர்லாக்கிங்கின் வேலை. வயர்களை மாற்றி இணைத்ததில் நேர்ந்த பிசகு என்றது விசாரணை. “கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் இதையெல்லாம் எப்படிச் சமாளித்தார்கள்?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

இங்கிலாந்தில் ஷ்ரூஸ்பரி என்ற ஊரில் இன்றைக்கும் அப்படியேதான் சமாளிக்கிறார்கள்.

வரலாற்றைச் சுருக்கமாக முடித்துவிடலாம். ஸ்டேஷன் திறந்தது 1848. கட்டடக் கலைஞர் தாமஸ் பென்சன், எதிரே இருந்த பழைய பள்ளிக்கூடத்துக்குப் பொருந்தும்படி டியூடர் பாணியில் கட்டினார். டார்வின் படித்த பள்ளிக்கூடம் அது. பிளாட்பாரங்கள் செவர்ன் ஆற்றின் மேலேயே நீண்டு கிடக்கின்றன. பர்மிங்காம், க்ரூ, செஸ்டர், ஹெரிஃபோர்டு, வேல்ஸின் மேற்குக் கரையிலுள்ள அபரிஸ்ட்வித் என எல்லாப் பக்கமும் பாதைகள் பிரிகின்றன. லண்டனுக்கு ஓடிய நேரடி ரயிலை 2024 ஜூனில் நிறுத்திவிட்டார்கள்.

நமக்கு வேண்டியது தெற்குப் பக்கம், முக்கோணமாகக் கூடும் தண்டவாளங்களுக்கு நடுவே நிற்கும் செவர்ன் பிரிட்ஜ் ஜங்ஷன் சிக்னல் கேபின். 1903-ல் கட்டியது. உள்ளே வரிசையாக 180 லீவர்கள். உலகிலேயே பெரிய, இன்றும் இயங்கும் மெக்கானிக்கல் கேபின் என்று பெருமையாகச் சொல்வார்கள். அந்தப் பட்டத்தைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே வாங்கிக்கொள்ள வேண்டும். யார்க் நகரில் 295 லீவர் கொண்ட கேபின் ஒன்று இருந்தது. மற்றவை ஒவ்வொன்றாக மூடப்பட, மிஞ்சிய இதற்கு முதலிடம் கிடைத்தது.

சிவப்பு லீவர் சிக்னலுக்கு, கறுப்பு பாயிண்ட்டுக்கு, நீலம் பாயிண்ட்டைப் பூட்டுவதற்கு. ஒவ்வொன்றையும் ஏற்றியோ இறக்கியோ வைக்கலாம் என்றால் 180 லீவர்களை வைக்கக்கூடிய விதங்களின் எண்ணிக்கை 55 இலக்கத்தைத் தொடும். அதில் பெரும்பாலானவை விபத்துக்கு வழி. சிக்னல்மேன் எவற்றை நினைவில் வைத்துக்கொள்வார்? எதையும் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. தப்பான லீவரை இழுத்தால் அது வராது.

ஏன் வராது என்பதில்தான் அழகு இருக்கிறது. ஒவ்வொரு லீவரோடும் ஒரு தட்டை இரும்புப் பட்டை இணைந்திருக்கிறது. லீவரை இழுத்தால் பட்டையும் நகரும். பட்டையின் ஓரத்தில் சாய்வாக ஒரு வெட்டு. இரண்டு பட்டைகளுக்கு நடுவே, குறுக்கே மட்டும் நகரக்கூடிய, இரு முனையும் கூரான ஒரு சின்ன இரும்புத் துண்டு. அதன் நீளம் பட்டைகளின் இடைவெளியைவிட ஒரு வெட்டின் ஆழம் அதிகம். அதனால் அது எப்போதும் யாராவது ஒருவருடைய வெட்டுக்குள் மூக்கை நுழைத்தே ஆக வேண்டும். முதல் பட்டையை இழுத்தால் சாய்ந்த ஓரம் துண்டைத் தள்ளி, இரண்டாவது பட்டையின் வெட்டுக்குள் திணித்துவிடும். இனி இரண்டாவது அசையாது. 1870-ல் ஸ்டீவன்ஸ் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. ஷ்ரூஸ்பரியில் இருப்பது வேறு வார்ப்பு, தத்துவம் ஒன்றே.

ஒரு துண்டு, இரண்டு விதி. முதல் லீவர் இரண்டாவதைத் தடுத்தால், இரண்டாவது தானாகவே முதலாவதைத் தடுக்கிறது. அதைத் தனியாக எழுதிவைக்க வேண்டாம். வெட்டின் இடத்தை மாற்றி வைத்தால் இன்னொரு உறவு பிறக்கிறது: பாயிண்ட் திரும்பினால்தான் சிக்னல் இறங்கி வழிவிடும், சிக்னல் இறங்கியபின் பாயிண்ட் திரும்பாது. தர்க்கப் பாடத்தில் மனப்பாடம் செய்த சமாசாரம் இங்கே கிரீஸ் பூசிக்கொண்டு கிடக்கிறது.

இதைக் கல்யாண வீடாக நினைத்துக்கொள்ளுங்கள். சிக்னல் இறங்குவது தாலி கட்டுவது. தாய்மாமன் வந்து உட்காராமல் தாலி ஏறாது. உட்கார்ந்துவிட்டால், முடிச்சு விழும்வரை அவர் காபி குடிக்கக்கூட எழுந்து போக முடியாது. மாப்பிள்ளையின் பெரியப்பா முறைத்துக்கொண்டு வெளியே நிற்கும்வரை நாத்தனாரும் நகர மாட்டார். அதே மணையில் அதே நேரத்தில் இன்னொரு கல்யாணம் நடக்க வழியே இல்லை. வெள்ளை பூசிய லீவர்களும் உண்டு, பாதைகள் எடுக்கப்பட்டபின் எதனோடும் இணைப்பு இல்லாதவை. பந்திக்கு மட்டும் வந்த தூரத்து உறவினர்கள்.

இவ்வளவும் செய்யும் இரும்பு, செய்யாத ஒன்றும் உண்டு. 1907 அக்டோபர் 15 அதிகாலை, க்ரூவிலிருந்து வந்த இரவு ரயில் ஆபத்து காட்டிய சிக்னலைத் தாண்டி ஷ்ரூஸ்பரிக்குள் பாய்ந்தது. 10 மைல் வேகத்தில் எடுக்க வேண்டிய வளைவு, வந்த வேகம் சுமார் 60 மைல். 18 பேர் இறந்தார்கள். ஓட்டுநர் கண்ணயர்ந்திருக்கலாம் என்பது விசாரணையின் கருத்து. சிக்னலையும் பாயிண்ட்டையும் பூட்டலாம், ஓட்டுநரின் கையைப் பூட்ட எந்தக் கேபினிலும் லீவர் கிடையாது.

அந்தக் குறையைத் தீர்க்கக் கணினி வந்தது, அதுவும் பக்கத்திலேயே. பர்மிங்காமிலிருந்து வரும் அபரிஸ்ட்வித் ரயில் கேபினைக் கடந்து ஷ்ரூஸ்பரிக்குள் நுழைகிறது, திசை மாறி, மறுபடி அதே கேபினைக் கடந்து வெளியேறுகிறது. சில நிமிடங்களில் கேம்ப்ரியன் பாதை. அங்கே கம்பத்தில் கைகாட்டி இல்லை. ஓட்டுநரின் முன்னாலுள்ள திரைக்கு ரேடியோ வழியே அனுமதி வருகிறது. அனுமதித்த வேகத்தை மீறினால் ரயிலே பிரேக் போட்டுக்கொள்ளும். பிரிட்டனில் முதன்முதலாக இந்த ஐரோப்பிய முறை 2011-ல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது இந்தப் பாதையில்தான். 1903-க்கும் 2011-க்கும் இடையே அந்த ரயிலுக்கு ஒரு மைல் தூரம்கூட இல்லை.

மனிதத் தவறுக்கே இனி இடமில்லை என்று விளம்பரம் எழுதுகிறவர்கள் இதே கேம்ப்ரியன் பாதையில் 2017 அக்டோபர் 20 அன்று நடந்ததைப் படித்துவிட்டு எழுதலாம். முந்தைய இரவு சிக்னல் கணினி தானாகவே ஒருமுறை அணைந்து மீண்டும் இயங்கியது. தற்காலிக வேகக் கட்டுப்பாடுகள் அதற்குப் பிறகு ரயில்களுக்குப் போகவே இல்லை. ஆனால் சிக்னல்மேனின் திரையில் எல்லாம் சரியாக இருப்பதாகவே தெரிந்தது. ஒரு லெவல் கிராசிங்கை 30 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க வேண்டிய ரயில் சுமார் 80-ல் கடந்தது. யாருக்கும் காயமில்லை. தன் திரையில் கட்டுப்பாட்டைக் காணோமே என்று கவனித்துப் புகார் சொன்னவர் ஒரு ரயில் ஓட்டுநர்.