ட்ரை பண்றேன் சார்

சிறுசேரி சிப்காட் வாசலுக்கு எதிரே ஒரு டீக்கடை. "மாஸ்டர், வழக்கம்போல ரெண்டு" என்றேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எனக்குச் சர்க்கரை இல்லாமல் ஒன்று, கூட வந்த தம்பிக்குச் சர்க்கரை தூக்கலாக ஒன்று, சரியாக வந்தன.

தம்பிக்குத்தான் முகம் சரியில்லை. திங்கட்கிழமை அழைப்பில் அமெரிக்க வாடிக்கையாளர், "புதன்கிழமை முடிந்துவிடுமா?" என்று கேட்டிருக்கிறார். இவர் சொன்ன பதில், "ட்ரை பண்றேன் சார்." புதன் போனது, வேலை முடியவில்லை, இப்போது கடுமையான மின்னஞ்சல் வந்திருக்கிறது.

"முடிச்சுத் தர்றேன்னு நான் சொல்லவே இல்லையேண்ணே."

உண்மைதான், அவர் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பக்கம் இருந்தவர் காதில் அப்படித்தான் விழுந்தது.

மனதில் இருப்பதைப் பொட்டலம் கட்டி அடுத்தவர் கையில் கொடுப்பதுதான் பேச்சு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். இந்த மாஸ்டருக்கு நான் என்ன கொடுத்தேன்? இரண்டு மூன்று சொல். யாருக்குச் சர்க்கரை, யாருக்கு வேண்டாம் என்பதெல்லாம் அவர் நினைவிலிருந்து அவரே எடுத்துக்கொண்டது. சொல்பவர் கொஞ்சம் சொல்ல, மீதியைக் கேட்பவர் நிரப்பிக்கொள்கிறார். இருவருக்கும் பொதுவான பழக்கம் இருக்கும்வரை இது அழகாக நடக்கும்.

இதை நம் இலக்கணக்காரர்கள் நன்றாகவே பார்த்திருக்கிறார்கள். 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் விடையை எட்டு வகையாகப் பிரித்தார். சுட்டிக் காட்டும் சுட்டு, மறுக்கும் மறை, ஒப்புக்கொள்ளும் நேர் மூன்றும் நேரடி விடைகள். மற்ற ஐந்தும் குறிப்பால் உணர வேண்டியவை. "நாளைக்கு முடிச்சிடுவியா?" என்று மேலாளர் கேட்கிறார் என்று வையுங்கள். "நீங்களே முடிச்சிடுங்க" என்றால் ஏவல். "முடிக்காம இருப்பேனா?" என்றால் வினாதல். "ரெண்டு நாளா காய்ச்சல் சார்" உற்றது உரைத்தல். "ராத்திரி முழிச்சா தலை வலிக்கும் சார்" உறுவது கூறல். "வேணும்னா அந்த இன்னொரு வேலையை முடிச்சுத் தர்றேன்" இனமொழி. ஐந்தில் ஒன்றில்கூட ஆமாம், இல்லை என்ற சொல் கிடையாது. ஆனாலும் நமக்குப் புரிந்துவிடுகிறது. பால் கிரைஸ் என்ற தத்துவ அறிஞர் 1967இல் ஹார்வர்டு உரைகளில் இதையே ஆராய்ந்தார்: எதிராளி நம் கேள்விக்குப் பொருத்தமாகத்தான் பேசுவார் என்று நம்புகிறோம், அந்த நம்பிக்கையை வைத்துச் சொல்லாததையும் கணக்குப் போட்டுவிடுகிறோம்.

தம்பியின் "ட்ரை பண்றேன்", நேர் போலத் தோன்றும் மறை. பெரியவர் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லக் கூசுகிற வீட்டில் வளர்ந்தவருக்கு அது உடனே விளங்கும். அந்தக் கூச்சத்தை நான் குறையாக நினைக்கவில்லை; மரியாதையிலிருந்து வருவது அது. ஆனால் கடல் தாண்டிய தொலைபேசியில் முகம் தெரியாது, தயக்கம் தெரியாது. சொல் மட்டும்தான் போய்ச் சேரும்.

இதைவிடக் கொடுமையாகவும் நடந்திருக்கிறது. 1977 மார்ச் 27, கேனரி தீவுகளின் டெனெரிஃப் விமான நிலையம், மூடுபனி. புறப்படத் தொடங்கிவிட்டோம் என்ற பொருளில் ஒரு விமானத்திலிருந்து தகவல் வந்தது. புறப்படத் தயாராக நிற்கிறார்கள் என்று எடுத்துக்கொண்ட கட்டுப்பாட்டாளர் "ஓகே" என்றார். காத்திருக்கும்படி அடுத்து அவர் சொன்னது, அதே நொடியில் இன்னொரு விமானம் பேசியதால் இரைச்சலில் கரைந்துபோனது. இரண்டு 747 விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். அதன்பிறகு விமானிகளின் பேச்சு முறையே இறுக்கமாக்கப்பட்டது. வெறும் "ஓகே" போதாது. கேட்ட உத்தரவைத் திருப்பிச் சொல்ல வேண்டும். நாம் எதைப் புரிந்துகொண்டோம் என்று எதிராளி தெரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

தம்பி செல்பேசியை எடுத்து எழுதினார். புதன் தவறியதற்கு வருத்தம், இன்னும் இரண்டு சோதனைகள் பாக்கி, வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குத் தருகிறேன், இது உங்களுக்குச் சரிப்படுமா என்று பதில் எழுதுங்கள். படித்துக் காட்டிவிட்டு அனுப்பப் போனவர், விரலை நிறுத்தினார்.

"அண்ணே, எந்த ஊர் ஆறு மணின்னு போடலையே."