லாரி ஸ்டியரிங்கைப் பிடிக்கும் முன்

இந்தியாவில் கனரக லாரி ஓட்ட நினைப்பவருக்கு 20 வயது நிரம்பியிருக்க வேண்டும். இலகுரக வாகன உரிமம் பெற்று ஓராண்டாவது ஆகியிருக்க வேண்டும். எட்டாம் வகுப்புத் தேர்ச்சி என்ற நிபந்தனை 2019-இல் நீக்கப்பட்டது. மருத்துவச் சான்று கட்டாயம். அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையங்களில் கனரகப் பயிற்சி ஆறு வாரங்களில் 38 மணி நேரம். லாரித் தொழிலின் ஊரான நாமக்கல்லிலேயே அசோக் லேலண்டின் ஓட்டுநர் பயிற்சி நிலையம் இருக்கிறது.

கிளீனராகச் சேர்ந்து தொழில் பழகிய தலைமுறையின் அனுபவம் பெரிது. ஆனால் டீசல் மிச்சமாகும் என்று இறக்கத்தில் நியூட்ரலில் விடும் பழக்கமும் அந்த வழியில்தான் வந்தது. தருமபுரிக்கும் சேலத்துக்கும் நடுவே உள்ள தொப்பூர் கணவாயில் அது உயிருக்கே உலை. கியர் விலகினால் இன்ஜினின் பிடிமானம் போய்விடும். முழு லோடையும் பிரேக்கே தாங்க வேண்டும். மிதிக்க மிதிக்க டிரம் சூடேறி, லைனிங் பிடிப்பை இழக்கும். இறக்கம் தொடங்கும் முன்பே குறைந்த கியருக்கு வந்துவிடுவதே சரியான முறை. காலையில் காற்றழுத்த மானியைப் பார்ப்பது, காற்று டேங்கில் தேங்கிய நீரை வடிப்பது, கயிற்றையும் தார்ப்பாயையும் இழுத்துப் பார்ப்பது எல்லாம் பாடத்தில் சேர்ந்தவையே.

பெட்ரோல், எரிவாயு போன்ற அபாயச் சரக்கு ஏற்றுவோருக்குத் தனிப் பயிற்சியும் உரிமத்தில் தனிப் பதிவும் தேவை. சாதாரண சரக்கு வாகன உரிமத்தை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.