நடந்தபின் நாடி இறங்குகிறதா? எக்ஸெல்லில் கணக்கு வையுங்கள்

"எக்ஸெல் ஆபீஸ்காரர்களுக்குத்தானே, வீட்டில் அதற்கு என்ன வேலை?" என்று புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. மளிகைக் கணக்கைவிட முக்கியமான ஒரு கணக்கை நான் அதில் வைத்திருக்கிறேன். வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை எவ்வளவு, நடந்து முடித்ததும் நாடித் துடிப்பு எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதுதான் அது.

இரண்டுக்கும் என்ன தொடர்பு?

வேகமாக நடக்கும்போது துடிப்பு ஏறும். நின்றவுடன் வேகஸ் என்னும் நரம்பு பிரேக் போடுவது போல அதை இறக்கும். இந்த பிரேக் எப்படி இருக்கிறது என்பது முதல் ஒரு நிமிடத்திலேயே தெரிந்துவிடும். அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக் மருத்துவர்கள் 2,428 பேரை டிரெட்மில் சோதனைக்குப் பின் சுமார் ஆறு ஆண்டுகள் கவனித்து, முடிவை 1999ல் வெளியிட்டனர். முதல் நிமிடத்தில் 12 துடிப்போ அதற்கும் குறைவாகவோ இறங்கியவர்களிடம் இறப்பு அதிகமாக இருந்தது. சர்க்கரை நோய் இல்லாதவர்களிடமும், வெறும் வயிற்றுச் சர்க்கரை கூடக் கூட இந்த இறக்கம் மந்தமாவதை 2002ல் வந்த மற்றோர் ஆய்வு காட்டியது.

தாளை அமைப்பது எப்படி?

எக்ஸெல்லைத் திறந்து, முதல் வரியில் ஆறு தலைப்புகளை டைப் செய்திடவும்: தேதி, வெறும் வயிற்றுச் சர்க்கரை, நின்றவுடன் துடிப்பு, ஒரு நிமிடம் கழித்துத் துடிப்பு, இறக்கம், குறிப்பு. அடுத்த வரியில் உங்கள் எண்களை இடவும். "இறக்கம்" என்பதன் கீழ் உள்ள செல்லில் சமக் குறியைத் தட்டி, மூன்றாவது செல்லில் கிளிக் செய்து, கழித்தல் குறி இட்டு, நான்காவது செல்லில் கிளிக் செய்து என்டர் தட்டுங்கள். விடை கிடைக்கும். அந்த செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறு சதுரத்தை மவுஸால் பிடித்துக் கீழே இழுத்தால், மற்ற வரிகளுக்கும் பார்முலா வந்துவிடும்.

சர்க்கரை ஏறியதை நிறத்தில் காட்ட, அந்த நெட்டு வரிசையைத் தேர்ந்தெடுத்து, ஹோம் டேப்பில் கண்டிஷனல் பார்மேட்டிங், ஹைலைட் செல்ஸ் ரூல்ஸ், கிரேட்டர் தேன் என்று சென்று 99 எனக் கொடுங்கள். அமெரிக்க நீரிழிவு சங்கத்தின் கணக்குப்படி 100க்குக் கீழ் இயல்பு. 100 முதல் 125 வரை எச்சரிக்கை. 126ம் அதற்கு மேலும் சர்க்கரை நோயின் அளவு. ஆனால் நோயை உறுதி செய்ய லேப் சோதனைதான் வேண்டும். வீட்டு மீட்டர் போதாது.

எண்களை நம்பலாமா?

மணிக்கட்டில் விரல் வைத்து 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்குவது வழக்கம். இதில் ஒரு துடிப்பைத் தவறவிட்டால் கணக்கு நான்கு மாறும். எனவே ஒரு நாள் எண்ணைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், மகிழவும் வேண்டாம். 12 என்ற அளவும் டிரெட்மில்லில் நன்கு களைக்கும் வரை நடந்தவர்களுக்கானது. மெதுவாக நடப்பவருக்குத் துடிப்பு அதிகம் ஏறாது. இறக்கமும் குறைவாகவே இருக்கும். தினமும் ஒரே தூரம், ஒரே வேகம் நடந்து, உங்கள் எண்ணை உங்கள் பழைய எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

பீட்டா பிளாக்கர் வகை மாத்திரைகள் துடிப்பையே மாற்றிவிடும். எடுப்பவர்கள் அதைக் குறிப்பில் எழுதவும். இன்சுலின் போடுபவர்களுக்கு நடையால் சர்க்கரை மிகவும் இறங்கலாம். கையில் இனிப்பு இருக்கட்டும். நடக்கும்போது நெஞ்சு வலித்தால், கணக்கை விட்டுவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

மூன்று மாதம் எழுதியபின் சர்க்கரை, இறக்கம் இரண்டையும் தேர்ந்தெடுத்து, இன்சர்ட் டேப்பில் லைன் சார்ட் போடுங்கள். ஒரு கோடு ஏறவும் மற்றொன்று இறங்கவும் கண்டால், அதை பிரிண்ட் எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். முடிவு சொல்ல வேண்டியவர் அவர்தான். ஆனால் ஒரே ஒரு நாள் எடுத்த லேப் சீட்டைவிட இந்தத் தாள் அவருக்கு அதிகம் சொல்லும்.