மறக்கருணை

இறைவன் அருளே வடிவினன் எனின், உயிர்கள் துன்புறுதல் யாங்ஙனம் பொருந்தும் என வினவுவார் உளர். அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியார் இரண்டாஞ் சூத்திரத்துள், இறைவன் செய்யும் தண்டமும் அன்பின்பாற்பட்டதே என்று நிறுவி, உடலைக் கருவியாற் கீறிப் பிணி தீர்க்கும் மருத்துவனை உவமை காட்டினார். இதனை மறக்கருணை என்ப.

திருநாவுக்கரசர் வரலாறு இதற்குச் சான்றாம். பாடலிபுத்திரத்துச் சமண் பள்ளியில் தருமசேனர் என்னும் பெயரோடு தலைமை பூண்டிருந்த அவரைச் சூலைநோய் பற்றியது. தமக்கையார் திலகவதியாரின் வேண்டுகோட்கு இரங்கிய இறைவன், சூலை தந்து ஆட்கொள்வதாகக் கனவில் உணர்த்தினன் எனச் சேக்கிழார் கூறுவர். ஆகலின் அந்நோயும் அருளின் செயலேயாம். கற்ற கல்வியும் பெற்ற தலைமையும் ஒரு வயிற்றுநோய்க்குமுன் துணையாகாமை கண்ட அவர், கைதருவாரை ஊன்றி இரவில் திருவதிகை சென்று தமக்கையார் அடிகளில் வீழ்ந்தார்.

ஈண்டு நோக்கற்பாலது ஒன்றுண்டு. நோயுற்றார் பலர் உள்ளம் வன்மையுறுதலும் உலகியலிற் காணப்படும். துன்பம் ‘யான் வல்லேன்’ என்னும் செருக்கை நெகிழ்க்கும். நெகிழ்ந்தவிடத்து உயிர் தலைசாய்த்தல் வேண்டும். நாவுக்கரசர் தமக்கையார் அளித்த திருநீற்றை ஏற்று, வீரட்டானத்தே பதிகம் பாடினார், சூலை நீங்கிற்று.

பின்னர் அரசன் ஆணையால் நீற்றறையில் ஏழுநாள் இருத்தப்பட்டபோதும், கல்லோடு பிணித்துக் கடலில் இடப்பட்டபோதும் அவர் கலங்கிலர். முன்பு வயிற்றுநோய் பொறாது அலமந்தவரே பின்பு நீற்றறையில் இனிதிருந்தார். தாங்குவோன் யான் என்னும் எண்ணம் சூலையோடு ஒழிந்தமையின், தாங்குவோன் சிவனேயாயினன். துன்பத்தால் உயிர் எய்தும் பயன் இதுவே.